விண்டோஸ் 3.1-ல் ஓடும் மவுஸ் டாஸில் ஏன் ஓடவில்லை?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: 486 கம்ப்யூட்டர், எம்எஸ்-டாஸ் 6.22, அதன்மேல் விண்டோஸ் 3.1. பின்பக்கம் ஒன்பது ஊசி சாக்கெட்டில் ஒரு பழைய பந்து மவுஸ். விண்டோஸில் அம்புக்குறி ஒழுங்காக ஓடுகிறது. டாஸில் மட்டும் மவுஸ் என்று ஒன்று இருப்பதாகவே எந்தப் புரோகிராமும் காட்டிக்கொள்வதில்லை. விண்டோஸுக்குள் இருக்கும் டாஸ் பிராம்ப்ட் ஐகானைத் திறந்து, எங்கிருந்தோ கிடைத்த மவுஸ்.காம் ஃபைலை ஓட்டிப் பார்த்தீர்கள். மவுஸ் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. மவுஸோடு வந்த ஃபிளாப்பி இல்லை, அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரும் தேய்ந்துபோயிற்று. அதனால் 'இது எந்தக் கம்பெனி மவுஸ், இதற்கான டிரைவர் எங்கே கிடைக்கும்' என்று கேட்கிறீர்கள். கூடவே, டிரைவரை ஏற்றினால் விளையாட்டுக்கு மெமரி பத்தாமல் போகுமா என்ற சந்தேகமும் இருக்கிறது.

கம்பெனி பெயர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. டாஸ் காலத்து மவுஸ் டிரைவருக்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: மவுஸ் எந்த போர்ட்டில் இருக்கிறது, எந்த பாஷையில் பேசுகிறது. இந்த இரண்டுக்கும் பதில் உங்கள் கேள்வியிலேயே பாதிக்குமேல் இருக்கிறது. விண்டோஸ் 3.1 டாஸின் மவுஸ் டிரைவரை நம்பி இருப்பதில்லை. தன்னுடைய சொந்த டிரைவரை வைத்துக்கொண்டு போர்ட்டோடு நேரடியாகப் பேசுகிறது. அங்கே அம்புக்குறி ஓடுகிறது என்றால் மவுஸ், கேபிள், சீரியல் போர்ட் (அந்த ஒன்பது ஊசி சாக்கெட்) மூன்றும் நன்றாக இருக்கின்றன. இதில் சந்தேகமில்லை. மெயின் குரூப்பில் விண்டோஸ் செட்டப் என்ற ஐகானைத் திறந்து மவுஸ் என்ற வரியைப் பாருங்கள். அங்கே மைக்ரோசாஃப்ட் என்றோ, மைக்ரோசாஃப்ட் அல்லது ஐபிஎம் பிஎஸ்/2 என்றோ இருந்தால், உங்கள் மவுஸ் பேசுவது மைக்ரோசாஃப்ட் பாஷை. அப்படியானால் அதே பாஷை தெரிந்த எந்த டாஸ் டிரைவரும் அதற்கு ஒத்துவரும். அந்த வரியில் மவுஸ் சிஸ்டம்ஸ் என்ற இன்னொரு பாஷையின் பெயர் இருந்தால்தான் கதை மாறும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கிருந்து சொல்ல முடியாதது ஒன்று உண்டு: உங்களிடம் இருக்கும் மவுஸ்.காம் யாருடையது என்பது. அந்தப் பெயரில் பல கம்பெனிகள் டிரைவர் கொடுத்திருக்கின்றன. ஓட்டும்போது திரையில் வரும் முதல் வரியில் யார் பெயர், எந்தப் பதிப்பு என்று இருக்கும், அதைப் படித்துவிடுங்கள். பெயர்க் குழப்பம் இன்னொன்றும் உண்டு. மவுஸ்.காம் என்பதில் வரும் 'காம்' ஃபைலின் வகை. காம் 1, காம் 2 என்பதில் வரும் 'காம்' சீரியல் போர்ட். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை. (கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

மவுஸ் கிடைக்கவில்லை என்று வந்ததற்குப் பெரும்பாலும் காரணம், நீங்கள் ஓட்டிய இடம். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த சீரியல் போர்ட் விண்டோஸின் பிடியில் இருக்கிறது. அதற்குள் திறக்கும் டாஸ் பெட்டியில் இன்னொரு டிரைவர் வந்து 'மவுஸ் எங்கே' என்று தேடினால் அதற்குப் பதில் வராது. தப்பித் தவறி ஏறினாலும் அந்தப் பெட்டியை மூடியதும் டிரைவரும் சேர்ந்து போய்விடும். டாஸ் டிரைவரை எப்போதும் விண்டோஸுக்கு முன்னால் ஏற்ற வேண்டும். ஆகவே டாஸ் பெட்டிக்குள் இருந்தால் எக்ஸிட் என்று தட்டி வெளியே வாருங்கள், புரோகிராம் மேனேஜரின் ஃபைல் மெனுவில் எக்ஸிட் விண்டோஸ் கொடுங்கள், கருப்புத் திரையில் வெறும் சி பிராம்ப்ட் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் டிரைவர் ஏற்கெனவே ஹார்ட் டிஸ்கில் இருக்கிறதா என்று பாருங்கள். டிர் சி:\மவுஸ்.* /எஸ் என்று கொடுத்தால் எல்லா டைரக்டரியிலும் தேடும். விண்டோஸ் 3.1-ஓடு மைக்ரோசாஃப்டின் 8.20 பதிப்பு மவுஸ்.காம் வந்தது, பெரும்பாலும் விண்டோஸ் டைரக்டரியிலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே இல்லையென்றால் விண்டோஸ் ஃபிளாப்பிகளில் கடைசி எழுத்துக்குப் பதில் அடிக்கோடு போட்ட பெயரில் சுருக்கி வைத்திருப்பார்கள். அதை அப்படியே காப்பி செய்து பெயரை மாற்றினால் ஓடாது. எக்ஸ்பேண்ட் கட்டளையால் விரிக்க வேண்டும். கிடைத்ததும் ஆட்டோஎக்ஸெக்கைத் (மெஷின் பூட் ஆகும்போது டாஸ் தானாக ஓட்டும் கட்டளைப் பட்டியல்) தொடாமல், முதலில் கையால் ஓட்டிப் பாருங்கள்: சி:\விண்டோஸ்\மவுஸ். டிரைவர் ஏறிவிட்டது என்ற செய்தி வந்தால் போதும். தேடிப்பிடிக்கத் தடுமாறினால் /சி1 என்று பின்னால் சேர்த்தால் காம் 1-ல் மட்டும் தேடும், /சி2 காம் 2-க்கு. சுற்று வடிவ பிஎஸ்/2 சாக்கெட்டுக்கு /இசட். இறக்க வேண்டுமானால் மவுஸ் ஆஃப்.

நிறையப் பேர் ஏமாறுவது அடுத்த நொடியில்தான். டிரைவர் ஏறிய பிறகும் சி பிராம்ப்டில் அம்புக்குறி வராது. மவுஸை எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றும் அசையாது. அது கோளாறு இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். டாஸில் டிரைவர் தானாகத் திரையில் எதையும் வரைவதில்லை. இன்டரப்ட் 33 ஹெக்ஸ் என்ற வாசலில் காத்திருக்கிறது. புரோகிராம் அந்த வாசலைத் தட்டி, பூஜ்யம் எண் வேலையைக் கேட்டால் 'மவுஸ் இருக்கிறது, இத்தனை பொத்தான்' என்று பதில் சொல்லும். 1 கேட்டால் சுட்டியைக் காட்டும். 2 கேட்டால் மறைக்கும். 3 கேட்டால் சுட்டி எங்கே இருக்கிறது, எந்தப் பொத்தான் அழுத்தியிருக்கிறது என்று சொல்லும். கேட்காத புரோகிராமுக்கு மவுஸ் இல்லை, அவ்வளவுதான். பழைய கணக்குப் புரோகிராம்கள் பலவற்றில் மவுஸ் வேலை செய்யாததற்குக் காரணம் டிரைவர் இல்லை. எழுதியவர்கள் அந்த வாசலைத் தட்டவே இல்லை.

ஆகவே சோதிக்க எடிட் என்று தட்டுங்கள். டாஸ் 6.22-ன் எடிட்டர் மவுஸ் தெரிந்தது. நீலத் திரையில் ஓர் எழுத்து அகலத்துக்கு ஒரு சிறு கட்டம் மிதந்தால், மவுஸை நகர்த்தும்போது அது எழுத்து எழுத்தாகத் தாவிப் போனால், உங்கள் வேலை முக்கால்வாசி முடிந்தது. மேலே ஃபைல் என்பதைச் சொடுக்கி மெனு விழுகிறதா பாருங்கள். எடிட் திறக்கவே இல்லை என்றால் க்யூபேசிக்.எக்ஸி அழிந்திருக்கும்; அந்த எடிட்டர் அதன்மேல்தான் ஓடுகிறது.

இனி நிரந்தரமாக்குவது. முதலில் ஆட்டோஎக்ஸெக்.பேட், அதற்கும் முன்னால் டாஸ் படிக்கும் கான்ஃபிக்.சிஸ் இரண்டையும் வேறு பெயரில் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆட்டோஎக்ஸெக்கில் டிரைவர் வரியைச் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்கும் இடம் முக்கியம். கடைசி வரியாக வின் என்று இருந்தால் அதற்கு மேலே போடுங்கள். அதற்குக் கீழே போட்டால் விண்டோஸை மூடும் வரை டாஸ் அந்த வரிக்கு வரவே வராது. இன்னொரு பொறி: ஆட்டோஎக்ஸெக்கின் நடுவில் வேறொரு பேட்ச் ஃபைலைக் கால் என்ற சொல் இல்லாமல் கூப்பிட்டிருந்தால், அந்த ஃபைல் முடிந்ததும் கட்டுப்பாடு திரும்பி வராது. அதற்குக் கீழே இருக்கும் எல்லா வரிகளும் சும்மா எழுதி வைத்தது போலத்தான். நெட்வொர்க் அல்லது சவுண்ட் கார்டு போட்ட மெஷின்களில் 'டிரைவர் வரி இருக்கிறது, ஆனால் ஏறவில்லை' என்றால் முதலில் இதைப் பாருங்கள். ஏதாவது தப்பாகி பூட் ஆகாமல் நின்றால் 'ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ்' என்ற வரி தெரியும்போது எஃப்5 அழுத்துங்கள். இரண்டு ஃபைலையும் தாண்டிவிடும். எஃப்8 அழுத்தினால் கான்ஃபிக்.சிஸ் வரிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் போகும், எந்த வரியில் மாட்டுகிறது என்று கண்ணெதிரே தெரியும்.

மவுஸ்.சிஸ் என்று இன்னொரு ஃபைலும் கண்ணில் படும். அது கான்ஃபிக்.சிஸ்ஸில் டிவைஸ்= என்று போட்டு ஏற்றுவது; செய்யும் வேலை ஒன்றே. நான் மவுஸ்.காமையே எடுக்கச் சொல்வேன். அதைக் கையால் ஓட்டிச் சோதிக்கலாம், இறக்கலாம். சிஸ் ஃபைலை மாற்ற ஒவ்வொரு முறையும் மெஷினைத் திரும்ப பூட் செய்ய வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

மெமரி விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. டாஸ் புரோகிராம்களுக்குக் கிடைக்கும் முதல் 640 கேபியில்தான் எல்லோரும் இடம் பிடிக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் 8.20 ஏறி உட்கார்ந்தால் சுமார் 17 கேபி பிடிக்கும். 580, 590 கேபி காலியாக வேண்டும் என்று அடம்பிடிக்கும் விளையாட்டுக்கு அந்த 17 பெரிய தொகை. இதற்கு இரண்டு வழி உண்டு, இரண்டையும் சேர்த்தும் செய்யலாம்.

முதல் வழி, டிரைவரை 640-க்கு மேலே தள்ளுவது. கான்ஃபிக்.சிஸ்ஸில் முதல் வரியாக டிவைஸ்=சி:\டாஸ்\ஹைமெம்.சிஸ், இரண்டாவதாக டிவைஸ்=சி:\டாஸ்\இஎம்எம்386.எக்ஸி நோஇஎம்எஸ், மூன்றாவதாக டாஸ்=ஹை,யுஎம்பி. ஹைமெம் முதலில் வந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் இஎம்எம்386 ஏறாது. பிறகு ஆட்டோஎக்ஸெக்கில் மவுஸ் வரிக்கு முன்னால் எல்எச் என்று போடுங்கள். இஎம்எஸ் என்ற பழைய வகைக் கூடுதல் மெமரி கேட்கும் விளையாட்டு இருந்தால் நோஇஎம்எஸ் என்ற இடத்தில் ராம் என்று போட வேண்டும், ஆனால் அது மேல் பகுதியில் 64 கேபியைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். போட்டுவிட்டு மெம் /சி /பி கொடுத்துப் பாருங்கள். கன்வென்ஷனல், அப்பர் என்று இரண்டு பத்தி வரும். மவுஸ் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று அதில் தெரியும். ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும்: எல்எச் தோற்றால் வாய் திறக்காது. மேலே இடம் இல்லையென்றால் கீழேயே ஏற்றிவிட்டுச் சும்மா இருந்துவிடும். உட்கார்ந்த பிறகு 17 கேபிதான் என்றாலும் அந்த ஃபைலே 50 கேபிக்கு மேல். ஏறும் கணத்தில் அவ்வளவு இடமும் மேலே ஒரே துண்டாக இருக்க வேண்டும், ஏறிய பிறகுதான் தேவையில்லாததை உதறும். அதனால் மவுஸை முதலில் ஏற்றிவிட்டு, சிறிய சமாசாரங்களைப் பின்னால் ஏற்றினால் பல மெஷின்களில் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது: க்யூட்மவுஸ் என்ற இலவச டிரைவர். ஃபைலின் பெயர் சிடிமவுஸ்.எக்ஸி. ஃப்ரீடாஸ் என்ற இலவச டாஸோடு வருவது இதுதான், தனியாகவும் கிடைக்கும். ஏறி உட்கார்ந்தால் மூன்று கேபி சொச்சம், அவ்வளவுதான். 8.20 செய்வதில் விளையாட்டுக்கும் எடிட்டருக்கும் தேவைப்படுவது எல்லாம் இதிலும் உண்டு. /எஸ்1 என்றால் காம் 1-ல் சீரியல் மவுஸ். /எஸ்35 என்றால் காம் 3, ஐஆர்க்யூ 5 (ஐஆர்க்யூ என்பது ஒரு கருவி கம்ப்யூட்டரின் கவனத்தைக் கூப்பிடும் கம்பியின் எண்). பிஎஸ்/2 சாக்கெட் மட்டும் என்றால் சாய்கோட்டுக்குப் பின்னால் ஆங்கில பிஎஸ்ஸின் முதல் எழுத்தைப் போட வேண்டும். /எல் இடக்கைக்காரர்களுக்குப் பொத்தானை மாற்றும், /யு இறக்கும். இதில் ஒரு குணக்கேடு தெரிந்திருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் வகை மவுஸ் எங்கும் பதில் சொல்லவில்லை என்றால், 'சரி, இது மவுஸ் சிஸ்டம்ஸ் வகையாக இருக்கும்' என்று தானே முடிவு செய்து, இருக்கிற சீரியல் போர்ட்டில் ஏறிவிட்டதாக அறிவித்துவிடும். மவுஸ் சிஸ்டம்ஸ் மவுஸ் தன்னை அடையாளம் சொல்லிக்கொள்வதில்லை, அதனால்தான் இந்த ஊகம். செய்தியில் அந்தப் பெயர் வந்து மவுஸ் அசையவில்லை என்றால் டிரைவர் மவுஸைக் கண்டுபிடிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். /ஒய் போட்டால் இந்த ஊகத்தை நிறுத்திவிட்டு உண்மையைச் சொல்லும்.

மவுஸ் சிஸ்டம்ஸ் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். மைக்ரோசாஃப்ட் பாஷையில் ஒவ்வொரு அசைவும் மூன்று பைட், ஏழு பிட் அகலம். மவுஸ் சிஸ்டம்ஸ் பாஷையில் ஐந்து பைட், எட்டு பிட், மூன்று பொத்தான். ஒன்றைப் பேசும் மவுஸுக்கு மற்றதைக் கேட்கும் டிரைவரைப் போட்டால், லேசாக நகர்த்தியதும் சுட்டி திரை முழுவதும் துள்ளும், அழுத்தாத பொத்தானெல்லாம் அழுந்தும். பேய் பிடித்தது போல ஓடினால் பாஷை தப்பு, சுத்தமாக அசையவில்லை என்றால் போர்ட் தப்பு. இதை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். மலிவு விலை மூன்று பொத்தான் மவுஸ்களின் அடியில் எம்எஸ், பிசி என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். எம்எஸ் பக்கம் தள்ளிவிட்டு டிரைவரைத் திரும்ப ஏற்றுங்கள். சுவிட்ச் இல்லாத சில மவுஸ்கள், மெஷினை ஆன் செய்யும்போது இடது பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் பாஷையை மாற்றிக்கொள்ளும்.

டிரைவரே இல்லாமல் சீரியல் மவுஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நம்பகமான ஒரு சோதனை உண்டு. உங்களுக்கு இப்போது தேவைப்படாது, இதைப் படிக்கும் வேறு யாருக்காவது ஆகும். மோடத்துக்குப் பயன்படுத்தும் டாஸ் டெர்மினல் புரோகிராம் ஏதாவது ஒன்றைத் திறந்து, மவுஸ் இருக்கும் போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, வேகம் 1200, ஏழு டேட்டா பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்று வையுங்கள். சீரியல் மவுஸுக்குத் தனி மின்சாரம் கிடையாது. ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற இரண்டு கம்பிகளில் வரும் மின்சாரத்தைத் திருடித்தான் பிழைக்கிறது. டெர்மினல் அந்தக் கம்பிகளை உயர்த்தியதும் மவுஸ் விழித்துக்கொண்டு எம் என்ற ஆங்கில எழுத்தை அனுப்பும். மவுஸ்.காம் தேடுவதும் இந்த எழுத்தைத்தான். பிறகு மவுஸை அசைக்காமல் பிடித்துக்கொண்டு வலது பொத்தானை அழுத்தினால் திரையில் பெரிய எழுத்தில் பி வரும், 'பேனா'வின் பி. விட்டால் மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்தச் சுழிக் குறி வரும். நகர்த்தினால் கண்டபடி எழுத்துகள் கொட்டும். இவ்வளவும் வந்தால் மவுஸ் நலம், டிரைவர் அமைப்பில்தான் கோளாறு. எதுவுமே வரவில்லை என்றால் போர்ட், கேபிள், மவுஸ் என்று அந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். 486 மெஷின்களில் போர்ட் என்பது தனி ஐ/ஓ கார்டிலிருந்து ரிப்பன் கேபிளில் வெளியே வரும் சாக்கெட்டாக இருக்கும். அந்தப் பத்து ஊசிக் கேபிள்களில் கம்பி வரிசை இரண்டு விதம். வேறு மெஷினில் இருந்து கழற்றிய கேபிளைச் செருகினால் பார்க்கப் பொருந்தும், ஆனால் வேலை செய்யாது.

இன்று ஓடும் மவுஸ் நாளைக்கு மோடமோ நெட்வொர்க் கார்டோ போட்டதும் உறைந்துபோனால், டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். காம் 1 முகவரி 3எஃப்8, ஐஆர்க்யூ 4; காம் 2 முகவரி 2எஃப்8, ஐஆர்க்யூ 3. காம் 3-க்கும் வழக்கமாக அதே 4, காம் 4-க்கும் அதே 3. காம் 1-ல் மவுஸ், காம் 3-ல் இன்டர்னல் மோடம் என்று இருந்தால் மோடம் டயல் செய்யும் கணத்தில் மவுஸ் சாகும். மோடத்தை காம் 2-க்கு மாற்றி, ஐ/ஓ கார்டில் இருக்கும் காம் 2-ஐ ஜம்பரால் (கார்டின் ஊசிகளை இணைக்கும் குட்டித் தொப்பி) நிறுத்திவிடுவது சுத்தமான தீர்வு. ஐஆர்க்யூ 5-க்கு மாற்றலாம் என்று தோன்றும். அங்கே பெரும்பாலும் சவுண்ட் கார்டு உட்கார்ந்திருக்கும், பார்த்துச் செய்யுங்கள். பிஎஸ்/2 மவுஸுக்கு ஐஆர்க்யூ 12. டாஸ் 6.22-ஓடு வரும் எம்எஸ்டி என்ற புரோகிராம் யார் எந்த ஐஆர்க்யூவில் என்று காட்டும். விண்டோஸுக்கு வெளியே வந்து ஓட்டினால்தான் அது சொல்வதை நம்பலாம்.

விண்டோஸ் 3.1-க்குள் திறக்கும் டாஸ் புரோகிராமிலும் மவுஸ் வேண்டும் என்றால், முன்பே சொன்னபடி விண்டோஸுக்கு முன்னால் டாஸ் டிரைவர் ஏறியிருக்க வேண்டும். முழுத்திரையில் அது போதும். சிறு ஜன்னலிலும் வேண்டுமானால் சிஸ்டம்.இனி ஃபைலில் நான்விண்டோஸ்ஆப் என்ற பகுதியில் மவுஸ்இன்டாஸ்பாக்ஸ்=1 என்ற வரி வேண்டும். இந்த ஒரு உபயோகத்துக்கு மைக்ரோசாஃப்டின் 8.20-ஐயே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்; விண்டோஸும் அதுவும் ஒருவருக்கொருவர் பழகியவர்கள். விண்டோஸைத் தொடாமல் டாஸில் விளையாட மட்டும் என்றால் க்யூட்மவுஸ். டாஸ் 6.22-ன் பூட் மெனு வசதியால் கான்ஃபிக்.சிஸ்ஸில் இரண்டு தேர்வு வைத்து, ஒன்றில் இது, இன்னொன்றில் அது என்றும் செய்யலாம். விண்டோஸ் 95 வைத்திருப்பவர்கள் 'எம்எஸ்-டாஸ் மோடில் ரீஸ்டார்ட்' செய்ததும் மவுஸ் காணாமல் போகிறது என்பார்கள். அவர்கள் டிரைவர் வரியை விண்டோஸ் டைரக்டரியில் உள்ள டாஸ்ஸ்டார்ட்.பேட் ஃபைலில் போட வேண்டும், ஆட்டோஎக்ஸெக்கில் அல்ல.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்ட் டிரைவரில் /எஸ் என்பதோடு 5 முதல் 100 வரை ஓர் எண், க்யூட்மவுஸில் /ஆர் என்பதோடு எண், இவை சுட்டி எவ்வளவு தூரம் ஓடும் என்பதை மாற்றும். ஓட்டம் வழவழப்பாகாது. நொடிக்கு 1200 பிட் என்ற வேகத்தில் ஒரு பைட்டுக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து ஒன்பது பிட், மூன்று பைட்டுக்கு 27 பிட். ஆக ஒரு நொடிக்கு 40 தடவை சொச்சம்தான் மவுஸால் தன் இடத்தைச் சொல்ல முடியும். டிரைவரில் எண்ணைக் கூட்டினால் ஒவ்வொரு தாவலும் பெரிதாகும், அவ்வளவே. சுட்டி ஒரு திசையில் மட்டும் நின்று நின்று போகிறது என்றால் டிரைவர் பக்கம் போகவே வேண்டாம். மவுஸைக் கவிழ்த்து, வளையத்தைத் திருகி, பந்தை எடுங்கள். உள்ளே இருக்கும் உருளைகளின் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளிப் பட்டை போல அழுக்கு சுற்றியிருக்கும். நகத்தால் சுரண்டி எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் சரியாகிவிடும்.

இந்த மவுஸ் போய்விட்டால் புதிது வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பிஎஸ்/2 மவுஸை ஒன்பது ஊசி போர்ட்டில் செருக உதவும் சின்ன அடாப்டரிலும், யுஎஸ்பி மவுஸை பிஎஸ்/2 சாக்கெட்டில் செருக வரும் பச்சை அடாப்டரிலும் உள்ளே வெறும் கம்பிதான், மூளை கிடையாது. தன் சொந்த பாஷையோடு, செருகும் போர்ட்டின் பாஷையும் தெரிந்த மவுஸாக இருந்தால் மட்டுமே அவை உதவும். இல்லாவிட்டால் எந்த டிரைவரும் அதைக் காப்பாற்றாது. அந்த அடாப்டர் எந்த மவுஸோடு ஒரே பெட்டியில் வந்ததோ அதற்கே பயன்படுத்துங்கள். உங்கள் மதர்போர்டில் பிஎஸ்/2 சாக்கெட் இருந்தால் மெஷினை அணைத்த பிறகே செருகவும் கழற்றவும் செய்யுங்கள். ஓடும்போது பிடுங்கினால் போர்டில் இருக்கும் பொடி ஃபியூஸ் போக வாய்ப்பு உண்டு. கீபோர்டும் அதே ஃபியூஸில் இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். பழைய பஸ் மவுஸின் சாக்கெட்டும் வட்டமாகத்தான் இருக்கும், ஆனால் அதில் ஒன்பது ஊசி, பிஎஸ்/2-ல் ஆறு. ஒன்றை மற்றதில் திணிக்க வேண்டாம்.

விண்டோஸை மூடிவிட்டு, மவுஸ் /சி1, பிறகு மவுஸ் /சி2 என்று ஓட்டி, எடிட்டில் கட்டம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் டிரைவர் காட்டும் முதல் இரண்டு வரிகளை எழுத்து பிசகாமல் இங்கே போடுங்கள். விண்டோஸ் செட்டப்பின் மவுஸ் வரியையும், எம்எஸ்டியில் காம் போர்ட் பக்கத்தில் வரும் முகவரிகளையும் சேர்த்துப் போட்டால் அடுத்து எங்கே கை வைப்பது என்று சொல்லிவிடலாம்.